கறுப்பு வெள்ளைப் பக்கம்

கறுப்பு வெள்ளைப் பக்கத்தை மூடிய அன்று கேசினி அலுவலகத்திலிருந்து நேரத்தோடு கிளம்பினாள். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் தனியாக உட்கார்ந்து, ஒரு சீனிச்சம்பல் பணிஸும் தேநீரும் வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாள். 2008 நவம்பர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை கொண்டுவர மறந்ததுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நெடுநாள் முதுகில் கிடந்த மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

அவள் வேலை செய்த நிறுவனம் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. ஊவா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்காக அந்த நிறுவனம் ஒரு சேவை நடத்தியது. ‘வீட்டுச் செய்தி’ என்று பெயர். கைத்தொலைபேசியில் திறக்கிற ஓர் இணையப் பக்கம். அம்மா அங்கிருந்து ஒரு செய்தி வைப்பாள். பிள்ளைகள் இங்கிருந்து ஒன்று வைப்பார்கள். அவ்வளவுதான்.

பேசிக்கொண்டால் போகிறது, இதற்கென்ன பக்கம் என்று தொடக்கத்தில் பலர் கேட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் அறைக்குள் சிக்னல் கிடையாது. அங்கே எசமானி வீட்டில் மணி அடித்தால் போனே பறிபோகும். ஆங்கில எழுத்தில் குறுஞ்செய்தி எழுத அந்தப் பெண்களில் பலருக்கு வராது. தமிழில் எழுதினால் அன்றைய போன்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பக்கம் என்றால் காத்திருக்கும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் பார்க்கலாம்.

தமிழ் தெரியாத போனில் தமிழைக் காட்ட கேசினி ஒரு வழி செய்தாள். அன்றாடம் தேவைப்படும் வசனங்களை எழுதி, ஒவ்வொன்றையும் சிறு படமாக்கி, ஓர் இலக்கம் கொடுத்தாள். இலக்கத்தை அமுக்கினால் அந்த வசனம் மறுகரைக்குப் போய்ச் சேரும். பக்கத்தின் முகவரியும் வெறும் இலக்கங்கள்தான். ‘நான் சுகமாக இருக்கிறேன்.’ ‘பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.’ ‘அப்பா இப்போது குடிப்பதில்லை.’ ‘இந்த வாரம் பேச முடியாது.’ ‘நான் ஊருக்கு வரட்டுமா?’ அதற்குப் பதிலாக இரண்டு: ‘வாருங்கள்’, ‘இப்போது வேண்டாம்’.

அந்தக் கடைசி வசனத்தைப் பார்த்துத்தான் கிருஷ்ணராஜ் சிரித்தான். அவன் நிறுவனத்தின் வெளிக்கள அலுவலர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன்.

“இத யாரும் அமுக்க மாட்டாங்க மிஸ்.”

“ஏன்?”

“எங்க ஆளுங்க ‘வேணாம்’னு வாயால சொல்லுவாங்களா? அதுவும் சம்பாரிச்சு அனுப்புறவங்ககிட்ட? புடிக்கலைன்னா பேசாம இருப்பாங்க. அவங்களா வெளங்கிக்கணும்.”

“அப்படியெண்டா ஏன் பதில் வரேல்லை எண்டு கேக்க மாட்டினமா?”

“கேட்டா அசிங்கம் இல்லையா மிஸ்? ரெண்டாந்தரம் கேக்கறதுக்குப் பிச்சை எடுக்கலாம்.”

வசனம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கேசினி விட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது வேறு தலைவலி.

போன்கள் ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றின் திரை தீப்பெட்டி அளவு, இன்னொன்றின் திரை உள்ளங்கை அளவு. ஒன்று படத்தை நடுவில் வைக்கும், இன்னொன்று பாதியை வெட்டி எறியும். ஆகவே ஒரே பக்கத்தை மூன்று விதமாகச் செய்ய வேண்டியிருந்தது: பெரிய வண்ணத் திரைக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, பழைய கறுப்பு வெள்ளைப் போனுக்கு ஒன்று. முதல் இரண்டும் எப்படியோ ஒப்பேறின. மூன்றாவதுதான் உயிரை வாங்கியது. அந்தத் திரையில் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். ‘ஞ’வின் வயிறு அடைத்துக்கொள்ளும். ‘ழ’வின் வால் அறுந்துபோகும். ஒரு வசனத்தைப் புதிதாகச் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும்.

செய்தது சரியா என்று பார்ப்பதற்குப் பழைய போன்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு அலைய வேண்டும். யுத்த காலம். பசறை வீதியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை செய்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பதுளையில் பிறந்த பெண் ஒருத்தியின் பையில் ஏழெட்டு போன் இருந்தால் எந்தச் சிப்பாய்தான் சும்மா விடுவான்? ஒவ்வொரு தடவையும் கிருஷ்ணராஜ் இறங்கி நின்று சிங்களத்தில் நீளமாக விளக்குவான். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை, “இவங்க போன் டாக்டர்” என்று சொல்லித்தான் தப்பித்தார்கள். அந்தச் சிப்பாய் தன்னுடைய போனை நீட்டி, இதற்கு என்ன நோய் என்று பார்க்கச் சொன்னான்.

அந்த வருடம் ஆவணியில் எந்தெந்தப் போன்கள் புழங்குகின்றன என்று பார்க்க இருவரும் ஒரு சுற்று போய் வந்தார்கள். பசறையில் போன் கடை வைத்திருந்த இத்ரூஸிடம் முதலில் விசாரித்தார்கள். கண்ணாடிப் பெட்டி நிறைய வண்ணப் போன்கள் பழுதுக்கு வந்து கிடந்தன.

“கறுப்பு வெள்ளையா? அதெல்லாம் இப்ப புள்ளைங்க வெளயாடக்கூட எடுக்காது மிஸ்” என்றார் இத்ரூஸ். “இப்ப வாறதெல்லாம் வெளிநாட்டுச் சாமான். ஒரே தொந்தரவு என்னண்டா, உள்ளுக்கு எல்லாம் அரபு. எனக்கு ஓதத் தெரியும், அர்த்தம் வெளங்காது. போன கெழம ஒரு போனை வாஹித் மௌலவிகிட்ட அனுப்பினேன், இங்கிலீசுக்கு மாத்துற எடம் எங்கன்னு பார்த்துச் சொல்லச் சொல்லி. அவரு அஸர் தொழுகைக்குப் பொறகு இருந்து பார்த்துட்டு, ‘தப்பா ஒண்ணும் எழுதியில்ல, பயப்படாம பாவிச்சுக்கங்க’ன்னு திருப்பி அனுப்பிட்டாரு.”

கிருஷ்ணராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். கேசினியும் சிரித்தாள். பிறகு மடுல்சீமை ஏறி, லயம் லயமாகப் போனார்கள். போன இடமெல்லாம் நல்ல போன். பளபளவென்று, சிலது படம் பிடிக்கக்கூடியது. சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, துணிப்பையில் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “அம்மா அனுப்பினாங்க.” “எங்க சின்னம்மா அனுப்பினது.” “பொஞ்சாதி அனுப்புனா மிஸ், எனக்கு இத எப்படித் தொறக்கறதுன்னே தெரியாது.”

கேசினி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். போன லயங்கள் ஒன்றிலும் கறுப்பு வெள்ளைப் போன் அகப்படவில்லை.

அதைப் பணிப்பாளர் சிவசுப்பிரமணியத்திடம் தானே போய்ச் சொன்னாள். கச்சேரியில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். கேசினியின் தகப்பனோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்தவர்.

“கொழும்பில இருந்து உதவி தாறவையும் அதைத்தான் கேக்கினம் பிள்ளை” என்றார் அவர். “ஒரே பக்கத்தை மூண்டு தரம் ஏன் செய்யிறியள் எண்டு. எல்லாப் போனுக்கும் பொருந்திற மாதிரி ஒண்டே ஒண்டு செய்தால் வடிவாயிருக்கும். இந்தக் கறுப்பு வெள்ளையை எத்தினை பேர் பாக்கினம்?”

“நூற்றுக்கு ரெண்டு பேர் சேர்.”

“தோட்டத்தில ஆரிட்டையாவது அந்தப் போன் கிடக்கோ?”

“நாங்கள் போன இடத்தில ஒண்டும் காணேல்லை.”

“பிறகேன் மினக்கெடுறீர்? மூடிவிடுமன்.”

அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் சொன்ன பதில் உண்மை. ஆனால் அந்த இரண்டு பேர் யார் என்று அவர் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் மூட முடியாமல் போய்விடுமோ என்று உள்ளூர ஒரு பயம் இருந்ததா என்று பின்னாளில் பல தடவை யோசித்திருக்கிறாள். இருந்திருக்கலாம். களைத்துப்போயிருந்தாள். யாராவது ‘மூடு’ என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் அந்தக் கதவைத் தட்டியிருந்தாள்.

புதிய பக்கம் அழகாக வந்தது. பெரிய திரையில் விரிந்தும் நடுத்தரத் திரையில் ஒடுங்கியும் தானாகப் பொருந்திக்கொண்டது. மேலே ஒரு தேயிலைக் கொழுந்தின் படம். எழுத்து தெளிவு. கொழும்பிலிருந்து வந்தவர்கள் தங்கள் போன்களில் திறந்து பார்த்துப் பாராட்டினார்கள். அதன் பிறகு புதுப் போன்கள் இரண்டை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். சோதனையில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

மறு வருடம் மாசி மாதம், புதிய பக்கம் எப்படியிருக்கிறது என்று சனங்களிடம் கருத்துக் கேட்பதற்காக இருவரும் மறுபடி மடுல்சீமைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை. தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு பஸ் போகாது. சந்தியில் இறங்கி நடந்தார்கள். பனி விலகாமல் தேயிலை மேல் படுத்துக் கிடந்தது. மத்தியானம் கடந்தும் குளிர் விடவில்லை.

முதலில் போனது நிரஞ்சலாவின் வீட்டுக்கு. இருபது வயதுப் பெண். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளுடைய தாய் தனலெட்சுமி குவைத்துக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

“வாங்க மிஸ், வாங்க சார். உள்ளுக்கு வாங்க, வெளிய குளுரு. அப்பா, பதுளையிலேருந்து வந்திருக்காங்க.”

உள்ளேயிருந்து சிவஞானம் வந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், முழங்கை வரை கீறல் தழும்பு. முகம் மழித்து, சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தார். கிருஷ்ணராஜ் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான்.

“என்னண்ணே, ஆளே மாறிட்டீங்க? போன வருசம் திருவிழாவுக்கு நான் வந்தப்ப ரோட்டுல படுத்துக்கிட்டு, பஸ்ஸ சுத்திப் போகச் சொன்னீங்களே.”

“அட ஏன் தம்பி மானத்த வாங்குற” என்று சிரித்தார் சிவஞானம். “அதெல்லாம் விட்டாச்சு. ஆடித் திருவிழாவுக்கு அப்புறம் கள்ளுத் தவறணைப் பக்கம் தலவெச்சும் படுக்கல. கேட்டுப் பாரு.”

“நெசமாத்தான் சார்” என்றாள் நிரஞ்சலா. “எங்களுக்கே பயமா இருக்கு, எந்த நேரமும் வீட்டுலயே இருக்காரு. கறில உப்பு இல்லங்கிறாரு.”

தேநீர் வந்தது. கேசினி தன் கேள்வியைக் கேட்டாள். புதுப் பக்கம் எப்படி? ஏதும் கஷ்டம் இருக்கிறதா?

“ரொம்ப நல்லாருக்கு மிஸ். கலரா, கொழுந்து படமெல்லாம் போட்டு. முன்னாடி எழுத்து சின்னது, அப்பாவுக்குத் தெரியாது. இப்ப அவரே வாசிப்பாரு.” நிரஞ்சலா ஆணியிலிருந்து போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாதான் பேசறதில்ல” என்றாள்.

“அத ஏன் இவங்ககிட்ட சொல்ற?” என்றார் சிவஞானம். “அது வீட்டு விசயம்.”

“பக்கத்தப் பத்தித்தானே கேக்கறாங்க.”

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அவரே சொன்னார். தனலெட்சுமி குவைத்துக்குப் போனதே அவருடைய குடியால்தான். வீட்டில் பானை சட்டிகூட மிஞ்சாத நேரம். போகும்போது, ‘நான் திரும்பி வருவேனென்று நினைக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் குடியை விட்ட செய்தியை மகள் பக்கத்தில் வைத்தாள். தீபாவளி முடிந்து சில நாட்களில் அங்கிருந்து கேள்வி வந்தது: ‘நான் ஊருக்கு வரட்டுமா?’ தையோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. வருவதென்றால் வந்துவிடலாம், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும்.

“பதில நானே போடறேன்னு சொன்னேன்” என்றார் சிவஞானம். “ஆனா ஒடனே போடல. இன்னும் கொஞ்ச நாளு பாப்போம், நம்ம மேல நமக்கே நம்பிக்கை வரட்டும்னு இருந்தேன். கார்த்திகை விளக்கு அன்னைக்கு மேல தண்ணி டாங்கிக்குப் போயி, நானே என் கையால ‘வாருங்கள்’னு அமுக்குனேன். அவ போனதுலேருந்து நான் அவளுக்கு அனுப்புன மொதச் செய்தி அதுதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. அவ பேசவே இல்ல. தை பொறந்துச்சு, போயிருச்சு. நாங்க போன் எடுக்கலாம்னு இவ சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். வர மனசில்லாதவள ஏன் கஷ்டப்படுத்தணும்? நான் செஞ்சதுக்கு அவ வரணும்னு என்ன இருக்கு?”

கேசினி மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். கார்த்திகை விளக்கு என்றால் டிசம்பர், அவள் பேக்கரியில் உட்கார்ந்து பணிஸ் சாப்பிட்டதற்குப் பிறகு.

“நிரஞ்சலா, அம்மாகிட்ட இருக்கிறதும் இதே மாதிரிப் போன்தானே?” என்று கேட்டாள்.

நிரஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ மிஸ், நீங்க வேற. நல்லதா ஒண்ணு வாங்குனா அது வீட்டுக்குத்தானே வரும். இது அம்மா ரெண்டு மாசம் சேத்து வாங்கி அனுப்புனது. அவங்ககிட்ட இருக்கிறது, முன்னாடி அந்த வீட்டுல வேல செஞ்ச பொண்ணு குசினியில விட்டுட்டுப் போனது. கலரெல்லாம் கெடையாது. நாலாம் நம்பர் பொத்தான் வேற உள்ளுக்குப் போயிருச்சாம், ஊசியால குத்தித்தான் அமுக்குவாங்களாம். உள்ள எல்லாம் அரபுலதான் வரும். ரெண்டு தரம் கீழ் பொத்தான், ஒரு தரம் பச்சைப் பொத்தான்னு போன்ல சொல்லிக் குடுத்தேன், அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிட்டாங்க.”

“எல்லாருக்கும் அப்படித்தானா?” என்றாள் கேசினி. “பக்கத்து வீட்டு அம்மாக்கள்…?”

“எல்லார்கிட்டயும் பழசுதான் மிஸ், அம்மாவுது மாதிரி கலரே இல்லாதது ஒண்ணு ரெண்டு பேர்கிட்டதான். அங்க ஒளிச்சு வெச்சுப் பாக்கறதுக்கு எதுக்கு நல்ல போனு?”

கேசினி வாசலுக்கு வெளியே பார்த்தாள். லயம் நீளத்துக்கும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஓர் ஆணியில் ஒரு நல்ல போன் தொங்கிக்கொண்டிருக்கும். ஆவணியில் அவள் அவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு போனாள், அம்மா அனுப்பினாங்க என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக்கொண்டே. அனுப்பியவள் கையில் எது மிஞ்சியது என்று ஒரு வாசலிலாவது கேட்கத் தோன்றவில்லை. ஒரு தாய் கடல் கடந்திருக்கிறாள், பிள்ளை இங்கே இருக்கிறது. சேவையே அந்த இருவருக்கும் இடையில்தான். கேசினி ஒரு கரையை மட்டும் பார்த்துவிட்டு வந்து மற்றக் கரையின் படகுத்துறையை உடைத்துவிட்டாள்.

கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அந்த வழக்கம் தெரியும். அவனுடைய அத்தை அனுப்பிய போன்தான் அந்த நேரத்தில் அவனுடைய சட்டைப்பையில் இருந்தது. தெரிந்த விஷயம் என்பதாலேயே அது சொல்ல வேண்டிய விஷயமாக அவனுக்குப் பட்டதில்லை.

“அந்த மாதிரிப் போன்ல இப்ப எங்கட பக்கம் திறக்காது” என்றாள் கேசினி. சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை. “அதுக்கெண்டு தனியா ஒரு பக்கம் இருந்தது. தீபாவளிக்குப் பிறகு அதை நான்தான் மூடினேன். நீங்க அனுப்பினது அங்க இருக்குது. ஆனா அவங்களாலே அதைப் பார்க்க முடியாது.”

சிவஞானத்துக்கு உடனே விளங்கவில்லை. “அப்ப நான் அமுக்குனது போகலையா?”

“போனது. அவங்க கண்ணுக்குத் தெரியாது.”

“அப்ப அவளுக்கு நான் ஒண்ணுமே சொல்லல” என்றார் அவர் மெதுவாக. யாரையும் கேட்கிற மாதிரியில்லை.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை” என்று எழுந்தாள் நிரஞ்சலா. “இப்ப அங்க மத்தியானம். மேடம் அவங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க. வெள்ளிக்கிழமைதான் அம்மா போன்ல சத்தம் வெப்பாங்க. வாங்கப்பா.”

தண்ணீர்த் தாங்கி லயத்துக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் இருந்தது. தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே மேடு. நால்வரும் ஏறினார்கள். சிவஞானம் எல்லோருக்கும் முன்னால் போனார். நிரஞ்சலா எண்ணை அழுத்தி, குரல் வெளியே கேட்கும்படி போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் மணி அடித்தது.

“ஹலோ… யாரு?”

“அம்மா, நான்தான்.”

“என்ன புள்ள? அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?”

“இல்லம்மா, பயப்படாத. அம்மா, நீ வரட்டுமான்னு கேட்டியே. அப்பா வான்னு அனுப்புனாரும்மா. கார்த்திகையிலயே. அந்தப் பக்கத்துல கோளாறு, ஒனக்குத் தெரியல.”

மறுமுனையில் ஏதோ இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. துணி துவைக்கிற இயந்திரமாக இருக்கலாம். அது நிற்கும்வரை குரல் வரவில்லை.

“அனுப்புனாரா?”

“இங்க டாங்கிகிட்ட நின்னு அவரேதாம்மா அமுக்குனாரு.”

“நான் தொறந்து தொறந்து பாத்தேன்” என்றாள் தனலெட்சுமி. “அரபுல ரெண்டு வரி வரும், அப்புறம் வெள்ளையாப் போயிரும். யார்கிட்ட காட்டிக் கேக்கறது? வேணாம்னு சொல்ல மனசில்லாம பக்கத்தையே மூடிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நாங்க ஏம்மா மூடறோம்?”

“நான் கேட்டதே தப்போன்னு ஆயிருச்சு புள்ள.”

சிவஞானம் கையை நீட்டினார். நிரஞ்சலா போனைக் கொடுத்தாள். அவருக்குக் குரல் வெளியே கேட்பதை நிறுத்தத் தெரியாது. நிறுத்த வேண்டுமென்று யாருக்கும் தோன்றவுமில்லை. கேசினி நாலடி தள்ளிப் போய் நின்றாள். காற்று எதிர்ப்பக்கமிருந்து வீசியதால் அங்கேயும் கேட்டது.

“தனம்.”

“ம்.”

“நான் இப்ப குடிக்கிறதில்ல.”

“பேச்சுலயே தெரியுது.”

“அப்ப வந்துரு.”

பிறகு அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

“தைப் பொங்கலுக்கு மறுநாளு கையெழுத்து வெச்சுட்டேங்க. ரெண்டு வருசம். பாஸ்போட்டு அவங்ககிட்ட. இனி நான் நெனச்சாலும் முடியாது.”

“ஒரு தடவ போன் எடுத்துக் கேட்டிருக்கலாம்ல?”

“நீங்களும் எடுத்திருக்கலாம்.”

“ஆமா” என்றார் சிவஞானம். “எடுத்திருக்கலாம்.”

“இனி என்னத்த. ரெண்டு வருசம்தானே. கார் சத்தம் கேக்குது, வெக்கிறேன். புள்ளைய ஏசாதீங்க.”

போன் அணைந்த பிறகும் சிவஞானம் அதைக் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றார். நிரஞ்சலா தாங்கிச் சுவரில் சாய்ந்து, தாவணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். கிருஷ்ணராஜ் கீழே பாதையைப் பார்த்தபடி ஒரு புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

கேசினி கிட்டே வந்தாள். அலுவலகத்தில் இந்த மாதிரி வேளையில் சொல்வதற்கு அவளிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. அறிக்கை எழுதும்போதெல்லாம் அவை வந்து உதவும். இங்கே ஒன்றும் கிட்ட வரவில்லை.

“அண்ணே, நான் யோசிச்சிருக்க வேணும். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

“நீங்க என்ன செய்வீங்க மிஸ்” என்றார் அவர். “எல்லாருக்கும் லேசா இருக்கணும்னுதானே செஞ்சீங்க.” அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவர் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

கீழே இறங்கத் தொடங்கியவர் நின்று திரும்பினார்.

“அந்தப் பழைய பக்கத்த மறுபடி போட ஏலுமா?”

“ஏலும்.”

“ரொம்பப் பெரிய வேலையா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மாதக் கணக்காகும், கொழும்பில் கேட்க வேண்டும் என்று சொன்னால் அவர் நம்புவார். மூடியதற்கும் ஒரு நியாயம் இருந்ததாகத் தோன்றும்.

“இல்லை” என்றாள். “ஒரு நாள் வேலை.”

“ஒரு நாளா?”

“ஓம்.”

சிவஞானம் கீழே பார்த்தார். தூரத்தில் தொழிற்சாலையின் கூரைக்கு மேல் பனி மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. “சரி மிஸ்” என்றார். “அப்ப போட்டு விட்டுருங்க. அவ பாக்கட்டும்.” பிறகு கிருஷ்ணராஜைப் பார்த்து, “தம்பி, சந்தியில பஸ் போயிரும், இவங்கள வெள்ளனக் கூட்டிட்டுப் போ. வழியில வழுக்கும், பாத்து” என்றார்.

திரும்பும் வழியில், பஸ்ஸில் சோதனைக்கு ஏறியவன் கேசினியின் பையைத் திறந்து, புதுப் போன் இரண்டையும் பார்த்துவிட்டு, மூடிக் கொடுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. கேசினி தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள். பழைய படங்களெல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. எதையும் அவள் அழித்திருக்கவில்லை. அவற்றை எடுத்து வைத்து, முன்பிருந்தபடி இலக்கங்களோடு கோத்து, அலுமாரியிலிருந்த கறுப்பு வெள்ளைப் போனுக்கு மின்சாரம் ஏற்றித் திறந்து பார்த்தாள். பக்கம் திறந்தது. சிவஞானம் கார்த்திகையில் அனுப்பியது தனலெட்சுமியின் பக்கத்தில் இன்னமும் காத்துக்கிடக்கும். அதை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். பிறகு, அது தன்னுடையதல்ல என்று விட்டுவிட்டாள்.

மணிக்கூட்டைப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கே இன்னும் நேரம் இருந்தது.